தோட்டத்துத் தமிழர் மேல் குத்திய முத்திரை: நாவல்கள் அதை எப்படி அழிக்கின்றன?

2011-ல் ‘இண்டர்லோக்’ என்ற மலாய் நாவல் ஐந்தாம் படிவ மாணவர்களுக்குப் பாடநூலாக வந்தபோது மலேசிய இந்தியச் சமூகம் கொதித்தது. மனு, கண்டனக் கூட்டம், பத்திரிகை அறிக்கை என்று போராட்டம் நீண்டு, அந்த ஆண்டின் இறுதியில் நூல் பாடப் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டது. 2020 டிசம்பரில் ம. நவீனின் ‘பேய்ச்சி’ என்ற தமிழ் நாவலுக்கு உள்துறை அமைச்சு தடை விதித்தது. இந்தத் தடவை நம்மவர்களே இரண்டு பக்கமாக நின்றார்கள்.

பீடோங், சுங்கை பட்டாணி, லூனாஸ் போன்ற கெடா மாநிலத்தின் தோட்டத்து ஊர்களில் இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒரு கேள்வி எழுகிறது. வேற்று இனத்தார் நம்மைத் தாழ்வாக எழுதினால் அவமானம் என்கிறோம். நம்மவரே குடி, சண்டை, கெட்ட வார்த்தை என்று எழுதினால் மட்டும் அது இலக்கியமா?

நியாயமான கேள்விதான். பதில் சொல்ல, முத்திரை என்றால் என்ன, அது எப்படி உருவாகிறது, கதை அதை எப்படி உடைக்கிறது என்று அடியிலிருந்து வர வேண்டும்.

இரண்டு விளக்கங்கள்

முத்திரை: ஒரு மக்கள் கூட்டம் முழுவதற்கும் ஒரே குணத்தை ஒட்டி, அந்தக் குணம் அவர்கள் பிறப்பிலேயே வந்தது என்று நம்ப வைப்பது. ‘தோட்டத்துத் தமிழன் குடிகாரன்’ என்பது முத்திரை. ‘இந்தத் தோட்டத்தில் இன்னார் குடித்தார், இன்ன காரணத்தால்’ என்பது முத்திரை ஆகாது. காரணம் சொல்லிவிட்டால் முத்திரையின் பலம் பாதி போய்விடும்.

பின்காலனியப் புனைவு: வெள்ளைக்காரர் ஆண்ட நாடுகளில், ஆளப்பட்ட மக்களின் பக்கம் நின்று எழுதப்படும் கதையும் நாவலும். பெரும்பாலும் சுதந்திரத்துக்குப் பிறகு வந்தவை. ஆனால் ஆண்டை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது. சுதந்திர நாட்டில் எழுதப்பட்ட நாவலுக்குள்ளும் பழைய துரைமாரின் கண் ஒட்டிக்கொண்டிருக்கலாம்.

முத்திரை யாருக்குத் தேவைப்பட்டது?

இதை நம் நாட்டுச் சமூகவியலாளர் சையது உசேன் அலாத்தாஸ் 1977-லேயே ஒரு நூலாக எழுதி விளக்கிவிட்டார். காலனி ஆட்சிக்காரர்கள் மலாய்க்காரரைச் சோம்பேறி என்றார்கள். ஏன்? சொந்த நெல்வயலும் கம்பமும் (கிராமமும்) வைத்திருந்த மலாய்க்காரர், அற்பக் கூலிக்குத் தோட்டத்திலும் சுரங்கத்திலும் வேலை செய்ய வர மறுத்தார். முதலாளிக்கு வேலை செய்யாதவன் சோம்பேறி, அவ்வளவுதான் கணக்கு. அவன் தன் வயலில் விடியற்காலையிலிருந்து உழைத்தது கணக்கில் வரவில்லை.

தமிழர் மேல் விழுந்த முத்திரை வேறு. ‘பணிவானவன், சொன்னதைச் செய்வான், தானாக எதுவும் யோசிக்க மாட்டான்.’ ரப்பர் தோட்டத்துக்கு அப்படிப்பட்ட ஆள் தேவைப்பட்டான். ஆனால் அந்தப் பணிவு எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். ஒப்பந்தக் கூலி முறையில் வேலையை விட்டு ஓடினால் சிறை. அந்த முறையில் ஆள் எடுப்பது 1910-ல் நின்றபோது கங்காணி முறை முழுமூச்சாக ஓடியது. ஊரிலிருந்து ஆள் சேர்த்துக் கொண்டுவரும் கங்காணி சொந்த ஊர்க்காரர், சில சமயம் சொந்தக்காரர். அவர் கொடுத்த முன்பணமும் கடனும் தலைமேல் இருக்கும். தங்கும் லயம் தோட்டத்துடையது, கடை தோட்டத்துடையது, பிள்ளை படிக்கும் பள்ளி தோட்டத்துடையது. வேலை போனால் அன்றைக்கே கூரையும் போய்விடும். இப்படிக் கட்டிப் போட்டு வாயை அடைத்துவிட்டு, ‘இவர்கள் இயல்பிலேயே அமைதியானவர்கள்’ என்று எழுதி வைத்தார்கள்.

குடி விஷயத்தில் இது இன்னும் அப்பட்டம். கள்ளுக்கடை தோட்ட நிர்வாகத்தின் ஏற்பாட்டிலேயே நடந்தது. விற்கிறவரே வாங்குகிறவனைக் குடிகாரன் என்று முத்திரை குத்தினார்.

வாயடைத்த மக்கள் வாய் திறந்ததும் வரலாற்றில் இருக்கிறது. 1941-ல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களுடைய கோரிக்கைகளில் சம்பளத்தோடு இவையும் இருந்தன: துரை எதிரே வந்தால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்கச் சொல்லக் கூடாது, பெண்களிடம் தகாத முறையில் நடந்துகொள்வது நிற்க வேண்டும், பிள்ளைகளுக்கு ஒழுங்கான கல்வி வேண்டும், கள்ளுக்கடைகளை மூட வேண்டும். ராணுவம் வரவழைக்கப்பட்டது, தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், அவர்களுக்குத் தலைமை தாங்கிய ஆர். எச். நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். போருக்குப் பின் 1947-ல், பீடோங்கை ஒட்டிய ஹார்வார்ட் தோட்டத்தில் தொடங்கிய தொண்டர் படை கள்ளுக்கடைகளுக்கு எதிராக மறியல் செய்து போலீஸ் தாக்குதலைச் சந்தித்தது. பீடோங்கில் பிறந்து வளரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் இது தெரிந்திருக்க வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன். ‘பணிவானவன்’, ‘குடிகாரன்’ என்ற இரண்டு முத்திரைகளையும் ஒரே போராட்டத்தில் தூக்கி எறிந்தவர்கள் நம் ஊர்க்காரர்கள்.

கதைக்குள் முத்திரை எப்படி நுழைகிறது?

அரசாங்க அறிக்கையை எத்தனை பேர் படிப்பார்கள்? கதையைத்தான் படிப்பார்கள். அதனால் முத்திரை ஊருக்குள் பரவ கதை பெரிய வழி. திட்டி எழுதித்தான் முத்திரை குத்த வேண்டும் என்பதில்லை. மூன்று வழிகள் உண்டு.

1. கூட்டமாகக் காட்டுவது. சாமர்செட் மாம் 1926-ல் வெளியிட்ட மலாயாக் கதைத் தொகுப்பில் துரைக்குப் பெயர் உண்டு, கடந்த காலம் உண்டு, மனைவியோடு பிணக்கு உண்டு. உள்ளூர் ஆட்கள் பெரும்பாலும் வேலைக்காரர்களாக வந்து போவார்கள். அவர்கள் ராத்திரி வீட்டுக்குப் போய் என்ன பேசினார்கள் என்று கதை கேட்காது.

2. செயலைக் காட்டி, காரணத்தை மறைப்பது. தொழிலாளி குடிப்பான், அழுவான், காலில் விழுவான். ஏன் என்ற கேள்விக்கு ‘அவர்கள் அப்படித்தான்’ என்பதே பதிலாக நிற்கும்.

3. ஆளையே விட்டுவிடுவது. மூன்றில் இதுதான் மோசமானது.

மூன்றாவதற்குச் சயாம் மரண ரயில் சரியான சான்று. 1942-43-ல் ஜப்பானியர் போட்ட அந்த 415 கிலோமீட்டர் பாதையில் நேச நாட்டுப் போர்க் கைதிகள் ஏறத்தாழ 12,000 பேர் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்கள் அதைப்போல் பல மடங்கு மாண்டார்கள். அவர்களில் ஒரு பெரும் பகுதி மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள். ஆனால் உலகத்தின் நினைவில் நிற்பது பியர் பூல் 1952-ல் எழுதிய பிரெஞ்சு நாவலும், 1957-ல் அதிலிருந்து வந்த குவாய் ஆற்றுப் பாலம் பற்றிய படமும்தான். கதையின் மையம் ஒரு பிரிட்டிஷ் அதிகாரியின் பிடிவாதம். இத்தனைக்கும் பியர் பூல் போருக்கு முன் மலாயா ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்தவர். தமிழ்த் தொழிலாளியைத் தினமும் கண்ணால் பார்த்தவர். அப்படியிருந்தும் அந்த மரணங்கள் அவருடைய கதையின் மையத்துக்கு வரவில்லை.

அந்த வெற்றிடத்தை நிரப்பியது தமிழ் நாவல்தான். ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’, கோ. புண்ணியவானின் ‘கையறு’ என்று மலேசிய எழுத்தாளர்கள் மீண்டும் மீண்டும் அந்தக் காட்டுக்குப் போனதற்குக் காரணம் உண்டு. எங்கள் வீட்டு ஆள் போனார், திரும்பவில்லை என்று சொல்ல அவர்களுக்கு வேறு இடம் இருக்கவில்லை. நினைவு மண்டபமும் பாடநூலும் செய்யத் தவறியதை நாவல் செய்தது.

ஒரு பத்திக்கு எதிராக ஒரு நாவல்

முத்திரையை உடைக்கும் வேலையை உலகத்துக்குத் தெளிவாகச் செய்து காட்டியவர் நைஜீரியாவின் சினுவா அச்சிபி. 1958-ல் வந்த அவருடைய முதல் நாவலில் ஒக்கொங்வோ என்ற இக்போ இன வீரனின் வாழ்க்கை முழுக்க விரிகிறது. கடைசியில் அவன் தூக்கில் தொங்கி இறக்கிறான். அங்கே வருகிற வெள்ளைக்கார மாவட்ட ஆணையர், தான் எழுதப்போகும் புத்தகத்தில் இவனைப் பற்றி ஓர் அத்தியாயம் எழுதலாமா என்று யோசித்து, அவ்வளவு வேண்டாம், ஒரு பத்தி போதும் என்று முடிவு செய்கிறார்.

நாவல் அந்த இடத்தில் முடிகிறது. அதுவரை நாம் படித்தது ஒரு முழு வாழ்க்கை. அவருக்கு அது ஒரு பத்தி. முத்திரைக்கும் மனிதனுக்கும் உள்ள தூரம் எவ்வளவு என்று இதைவிடத் தெளிவாகக் காட்டிய நாவல் முடிவை நான் படித்ததில்லை.

நம் ஊர்க் கேள்விக்கான விடையும் இதே நாவலில் இருக்கிறது. ஒக்கொங்வோ நல்லவன் இல்லை. மனைவியை அடிக்கிறான். தன்னை அப்பா என்று கூப்பிட்ட பையனைக் கொல்வதில் கை வைக்கிறான். அச்சிபி எதையும் மூடி மறைக்கவில்லை. ‘ஆப்பிரிக்கர் காட்டுமிராண்டி’ என்ற முத்திரைக்கு எதிராக எழுதியவர், தன் நாயகனின் வன்முறையை ஏன் காட்டினார்? அந்த வன்முறைக்கு வேர் தேடிக் காட்டினார் என்பதால்தான். தன் அப்பாவைப் போலக் கையாலாகாதவன் என்று பெயர் எடுத்துவிடுவோமோ என்ற பயம் ஒக்கொங்வோவை ஆட்டிப் படைக்கிறது. வாசகன் அந்தப் பயத்தை உள்ளிருந்து உணர்கிறான். உணர்ந்த பிறகு ‘இவர்கள் அப்படித்தான்’ என்று சொல்ல வாய் வராது.

பீடோங்கிலிருந்து வந்த குரல்

பீடோங்கில் 1942-ல் பிறந்த கே. எஸ். மணியம் ஆங்கிலத்தில் எழுதியவர். அவருடைய ‘தி ரிட்டர்ன்’ நாவல் 1981-ல் வந்தது. ரவி என்ற பையன் கதை சொல்கிறான். மருத்துவமனையில் துணி வெளுக்கும் தொழிலாளியின் மகன், ஆங்கிலப் பள்ளிக்குப் போகிறான். அவனுடைய பாட்டி பெரியதாய், பிள்ளைகளோடு கடல் தாண்டி வந்து, ஊர் ஊராகச் சாமான் சுமந்து விற்று, ஒரு வீடு கட்டுகிறாள். வீடு நிற்கிற மண் மட்டும் கடைசிவரை அவள் பெயருக்கு வருவதில்லை. அவளுக்குப் பிறகு ரவியின் அப்பாவை அதே நில ஆசை பிடித்துக்கொள்கிறது. கொஞ்சம் கொஞ்சமாகப் புத்தி பேதலித்து, கட்டிய வீட்டோடு தீயில் முடிகிறார்.

இந்த நாவல் எந்த முத்திரையை உடைக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். தமிழன் கூலிக்கு வந்தவன், சம்பாதித்துவிட்டு ஊருக்குப் போகிறவன், இந்த மண்ணோடு அவனுக்கு ஒட்டுதல் இல்லை என்பது காலனிக் காலத்துப் பேச்சு. ‘வந்தேறி’ என்ற இன்றைய வசைக்கும் அதுதான் அடி. மணியம் இதற்கு மறுப்பு எழுதவில்லை, வாதம் செய்யவில்லை. ஒரு சாண் நிலத்துக்காக ஒரு குடும்பம் மூன்று தலைமுறையாகத் தவிப்பதைக் காட்டினார். அந்தத் தவிப்பைப் படித்தவரிடம் ‘இவர்களுக்கு ஒட்டுதல் இல்லை’ என்ற பேச்சு எடுபடாது.

ரவியும் சுத்தமான பாத்திரம் இல்லை. ஆங்கிலம் ஏறஏறத் தன் வீட்டைப் பார்த்தே கூச்சப்படுகிறான். தோட்டத்திலிருந்து படித்து மேலே வந்த பலருக்கு அந்தக் கூச்சம் தெரியும், வெளியே சொல்ல மாட்டார்கள். முத்திரை வெளியிலிருந்து மட்டும் குத்தப்படுவதில்லை, உள்ளேயும் இறங்குகிறது என்பதை அந்தப் பாத்திரம் பேசிவிடுகிறது. பிரீத்தா சமரசன் 2008-ல் எழுதிய ஆங்கில நாவலில் இது வேறு விதமாக வருகிறது: ஈப்போவின் வசதியான தமிழ் வீட்டில் வேலைக்கு நிற்கும் செல்லம் என்ற ஏழைப் பெண்ணை, அந்த வீட்டுத் தமிழர்களே எப்படிப் பார்க்கிறார்கள் என்பது.

‘இண்டர்லோக்’கில் என்ன தவறு?

தேசிய இலக்கியவாதி அப்துல்லா உசேன் 1971-ல் வெளியிட்ட நாவல் அது. மூன்று இனங்களும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்று சொல்வதே அவருடைய நோக்கம். அதைச் சந்தேகிக்க எனக்குக் காரணம் இல்லை. நோக்கம் நல்லதாக இருந்தும் கைக்குக் கிடைத்த அச்சு பழையது. படிப்பறிவில்லாத ஏழை மலாய்க் குடும்பம், பணத்தில் குறியான சீனக் குடும்பம், தோட்டத்துக் கூலியான மணியத்தின் குடும்பம். காலனிக்காரர் இனத்துக்கு ஒன்றாகச் செய்துவைத்த மூன்று பெட்டிகள் அப்படியே வந்து உட்கார்ந்துவிட்டன.

சாதி விஷயம் அதற்கு மேல். கப்பலில் வந்த தென்னிந்தியர்களை ஒரே சாதிப் பெயரில் அடக்குவது போன்ற வரிகள்தான் பெரிய கொந்தளிப்புக்குக் காரணம். வரலாற்றின்படி அது பிழை. பல சாதியினர் வந்தார்கள். பலரையும் ஒன்றாக்குவது முத்திரையின் முதல் வேலை என்பதால் அந்த எதிர்ப்பு சரியானது.

ஆனால் இங்கே ஓர் இடறலும் இருக்கிறது. ‘நாங்கள் அந்தச் சாதி இல்லை’ என்ற இடத்தில் எதிர்ப்பு நின்றுவிட்டால், அந்தச் சாதியில் பிறந்து அதே கப்பலில் வந்து அதே ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர்களை நாமே மறுபடி தள்ளி வைக்கிறோம். லயத்தில் யார் வீட்டில் யார் தண்ணீர் குடிக்கலாம் என்று பார்த்த காலம் நம் பாட்டன்மாருக்குத் தெரியாததா? வெளியார் குத்திய முத்திரையை அழிக்கும் கை, உள்ளே நாம் குத்தியதையும் தொட வேண்டும். அந்த வேலையைச் செய்ய நம்மவர் எழுதும் நாவலால்தான் முடியும். வெளியாருக்கு அந்த வீட்டுக்குள் வழி தெரியாது.

அப்படியானால் ‘பேய்ச்சி’?

1981-ல் லூனாஸ் பகுதியில் சம்சு என்ற சாராயத்தைக் குடித்துப் பலர் செத்த சம்பவத்தை உள்ளே வைத்துப் பின்னப்பட்ட நாவல் அது. ஆபாசம், ஒழுக்கக்கேடு என்பது தடைக்குச் சொல்லப்பட்ட காரணம். வயது வந்தோர் படிக்கும் நாவலுக்கு அந்தத் தடை தவறு என்பது என் நிலை. தடையை விட்டுவிட்டு ஊர்க் கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்வோம். குடியும் வசையும் வருகிற கதை, தோட்டத் தமிழரைக் குடிகாரர் என்ற பழைய பெட்டிக்குள் திரும்பத் தள்ளுகிறதா?

அதை மூன்று கேள்வியால் சோதிக்கலாம்:

1. பாத்திரத்துக்கு ‘நான் இதைச் செய்யலாமா, கூடாதா’ என்று தீர்மானிக்கிற இடம் கதையில் இருக்கிறதா?
2. அதே சமூகத்தில் வேறு மாதிரி வாழ்கிற ஆட்கள் பக்கத்தில் இருக்கிறார்களா?
3. சம்சு யார் காய்ச்சியது, யார் விற்றது, ஏன் அது மலிவாகக் கிடைத்தது என்பது கதைக்குள் வருகிறதா?

மூன்றுக்கும் ஆம் என்று வந்தால், பக்கத்துக்குப் பக்கம் குடி இருந்தாலும் அது முத்திரை குத்தும் கதை இல்லை. மூன்றுக்கும் இல்லை என்று வந்தால், நாயகன் தினமும் கோயிலுக்குப் போனாலும் அது முத்திரை குத்தும் கதைதான். எழுதியவருடைய இனம் இந்தச் சோதனையில் வரவே இல்லை.

இரண்டாவது வகைக் கதைகள் நம்மிடம் நிறைய. ‘வியர்வை சிந்தி நாட்டை உருவாக்கிய தியாகி’ என்று மேடையில் சொல்லக் கேட்க நன்றாக இருக்கும். உண்மையும்கூட. ஆனால் கதையில் தொழிலாளி தியாகியாக மட்டும் வந்தால், அவனுக்குப் பொறாமை கிடையாது, கோபம் கிடையாது, பக்கத்து வீட்டுப் பெண்மேல் ஆசை கிடையாது. ‘பணிவானவன்’ என்று துரை எழுதியதற்கு மாலை போட்டு நாமே மறுபடி மாட்டுகிறோம். 2017-ல் விஷ்ணுபுரம் விருது பெற்ற சீ. முத்துசாமியின் தோட்டத்து மனிதர்கள் இந்த மாலையைப் போட்டுக்கொள்வதில்லை. லயத்துப் பேச்சிலேயே பேசுகிறார்கள். அதனால்தான் அவர் எழுத்தை நான் முக்கியமாக நினைக்கிறேன்.

பதில் எந்த மொழியில் போகிறது?

ஒரு சிக்கல் மிச்சம் இருக்கிறது. 1971-ன் தேசியப் பண்பாட்டுக் கொள்கைக்குப் பிறகு மலாய் மொழியில் எழுதப்படுவதே தேசிய இலக்கியம். தமிழிலும் சீனத்திலும் எழுதுவது இனவாரி இலக்கியம் என்ற வரிசையில் நிற்கிறது. முத்திரை மலாயிலும் ஆங்கிலத்திலும் நடமாடுகிறது. பதில் பெரும்பாலும் தமிழில் இருக்கிறது. சயாம் ரயிலைப் பற்றிய நம் நாவலைப் பக்கத்து மேசை மலாய் நண்பர் படிக்க வழியில்லை என்றால், அவருக்குத் தெரிந்த தோட்டத் தமிழன் ‘இண்டர்லோக்’ மணியம்தான். ஒரு பாடநூலை எடுக்க அத்தனை அமைப்புகள் ஒன்று சேர்ந்தன. அதில் பாதி முயற்சியை நல்ல தமிழ் நாவல்களை மலாயில் கொண்டுவர வைத்தால் பலன் நீண்ட காலம் நிற்கும்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, பால்மரம் போய்ச் செம்பனை வந்து, மக்கள் பட்டண அடுக்குமாடிகளுக்கு நகர்ந்த பிறகு முத்திரையும் ஆடை மாற்றியிருக்கிறது. ‘பணிவான கூலி’யின் பேரனுக்குக் கிடைத்திருப்பது ‘குண்டர் கும்பல்’ என்ற பெயர். தோட்டம் மூடியபோது நட்ட ஈடு எவ்வளவு கிடைத்தது, மாற்று வீடு வந்ததா, பள்ளி எத்தனை மைல் தள்ளிப் போனது என்ற கேள்விகள் வழியாகப் போகாமல் அந்த இளைஞனைப் பற்றி எழுதினால், காரணம் இல்லாத செயல் என்ற பழைய வழிக்கே கதை திரும்பும்.

அப்புறம், இன்றைக்குக் கெடாவின் செம்பனைக் காட்டில் குலை வெட்டுகிறவர் பெரும்பாலும் இந்தோனேசியர் அல்லது வங்காளதேசத்தவர். ஏஜென்ட்டுக்குக் கடன் வாங்கிக் கட்டிவிட்டு வருகிறார். கடப்பிதழை முதலாளியிடம் கொடுத்துவிட்டுத் தவிக்கிறவர்களும் அவர்களில் உண்டு. நம் பேச்சில் அவர் ‘பங்ளா’. நம் சிறுகதைகளில் அவர் எட்டிப் பார்க்கும்போதும் பெரும்பாலும் கூட்டமாகத்தான் வருகிறார், பெயர் இல்லாமல். கங்காணிக் கடன் என்றால் என்ன என்று வீட்டில் கேட்டு வளர்ந்த எழுத்தாளருக்கு அவருடைய கதையை எழுதுவது மற்ற யாரையும்விட எளிது. முதலில் அவர் எந்த ஊர், யாரிடம் எவ்வளவு கடன், அங்கே யார் காத்திருக்கிறார்கள் என்று உட்கார்ந்து கேட்க வேண்டும்.